ஆளுக்குப் பாதி

"இன்னும் ரெண்டு சுளை எடுத்துக்கோங்கக்கா. உங்களுக்காகத்தான் உரிச்சேன்" என்று தட்டை நகர்த்தினாள் சின்னவள். பம்பளிமாஸை அவளைப் போல உரிக்க அந்த வீட்டில் ஆள் கிடையாது. தடித்த தோல், வெள்ளைச் சவ்வு, விதை எல்லாம் போய் சுளை மட்டும் தட்டில் கிடக்கும்.

இரண்டு ஓரகத்திகள், ஒரே சமையலறை, இப்படி ஓர் ஒட்டுதலா என்று மாடியில் குடியிருந்த டீச்சரே வியந்துபோயிருந்தாள்.

ஒட்டுதலாவது, மண்ணாவது. சின்னவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. அவள் மகளுக்குப் பேசி முடித்த சம்பந்தம் பெரியவள் வாயால்தான் முறிந்தது. பெண்ணுக்குச் சின்ன வயதில் வலிப்பு வரும் என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் போனில் போட்டுக்கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து மகள் அறையை விட்டு வெளியே வருவதில்லை.

சாத்திய அந்தக் கதவைப் பார்க்கும்போதெல்லாம், பெரியவளும் ஒரு நாள் படுக்கையில் முடங்க வேண்டும் என்று சின்னவள் கறுவினாள். பெரியவள் மகன் குடிக்கிறான் என்று முதலில் தெருவெல்லாம் சொன்னது தான்தான் என்பது மட்டும் அவளுக்கு வசதியாக மறந்துபோயிருந்தது.

வழி காட்டியது மருந்துக்கடை. வீட்டில் எல்லாருக்கும் மாத்திரை வாங்குவது பெரியவள் பொறுப்பு. தன் இடுப்புவலிக்கு, கணவரின் சர்க்கரைக்கு, சின்னவளின் பிரஷருக்கு என்று எல்லாம் ஒரே பையில் வரும். ஒரு நாள் கூடப் போன சின்னவள், கடை வாசலில் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். உள்ளே கடைக்காரர் ஓர் அட்டையைக் கையில் எடுத்துப் பெரியவளிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது.

"இதைச் சாப்பிடறவங்க பம்பளிமாஸைத் தொடவே கூடாதும்மா. மருந்து உடம்புல தங்கிப்போய் தலை சுத்தும், மயங்கி விழுந்துடுவாங்க."

வெளியே வந்த பெரியவள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. சின்னவளும் கேட்கவில்லை. மறுநாளே பழம் வீட்டுக்கு வந்துவிட்டது. பழத்தைக் கண்டால் கடைக்காரர் பேச்சையெல்லாம் மதிக்கிற ஆளா பெரியவள்?

சொல்லிவைத்தாற்போல் பெரியவளும் ஆசையாகத்தான் தின்றாள். ஆனால் தனியாகத் தின்ன மாட்டாள், ஆளுக்குப் பாதி என்பாள். சந்தேகம் வரக்கூடாதே என்று சின்னவளும் மறுக்காமல் வாயில் போட்டுக்கொள்வாள்.

வாரங்கள் போயின. பெரியவள் குத்துக்கல்லாட்டம் இருந்தாள். சின்னவளுக்குத்தான் கிறுகிறுப்பு. நேற்றுக் குளியலறையில் சுவரைப் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பாள். இவளை நினைத்து நினைத்தே தூக்கம் கெட்டுப்போச்சு என்று அதற்கும் பெரியவளையே திட்டினாள்.

இன்று அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏங்க்கா, வலி மாத்திரை போட்டுக்கிட்டு இந்தப் பழம் சாப்பிடலாமான்னு கடையில ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டேனே. அதுக்கு இது ஒண்ணும் பண்ணாதாம்." தட்டிலேயே பெரிய சுளையாகப் பார்த்து எடுத்து, சின்னவளின் உள்ளங்கையில் வைத்து அவள் விரல்களை மூடிவிட்டாள் பெரியவள்.

"உன் பிரஷர் மாத்திரைக்குத்தான் ஆகாதாம்."