நாற்பத்தொன்றாம் பக்கம்

"மார்ச் 14, சனி. சிறு பிழை: நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் தொலைத்துவிட்டேன்."

டைரியில் எழுதியதைப் படித்துப் பார்த்து, 'சிறு' என்பதைக் கோடு போட்டு அடித்தாள்.

படப்பிடிப்புக்காக மெத்தைக் கிடங்கின் ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டி, மதியம் மூன்று மணியை நள்ளிரவாக்கியிருந்தார்கள். நிஜ நள்ளிரவிலேயே எடுத்திருக்கலாம். பேயாக நடிப்பவருக்கு ராத்திரியில் வெளியே வர வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை.

படத்தில் ஒரு வீட்டுக்குள் பேய் புகுந்து கதை கேட்கிறது. கொட்டாவி வரவழைப்பவனைக் கொன்றுவிடுகிறது. நாற்பதாம் பக்கத்தின் கடைசி வரியில் நாயகன், "இப்ப நான் சொல்றேன், கேளு" என்கிறான். நாற்பத்திரண்டின் முதல் வரியில் பேய் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டை விட்டே போய்விடுகிறது.

நடுவில் அவன் சொன்ன கதைதான் காணோம்.

நாளைக் காலை எடுக்கப்போகும் முதல் காட்சியே அதுதான்.

ஆறு பிரதிகளிலும் அந்தப் பக்கம் இல்லை. தட்டச்சு செய்தவள் அவள். நகல் எடுத்தவள், அடுக்கிப் பின் அடித்தவள் எல்லாம் அவளே. இரண்டு வருடம் மாலை வகுப்பில் திரைக்கதை படித்தவளுக்கு, முதன்முதலாகத் திரையில் பெயர் வரப்போகும் படம். எதைக் கண்டாலும் குறித்து வைப்பாள் என்பதால் இங்கே அவளுக்குக் 'குறிப்பு' என்றுதான் பெயர்.

"குறிப்பு, அந்தப் பக்கம் மூணு மாசம் தவம் கிடந்து எழுதினது," என்றார் இயக்குநர். "காலையில அது வரலன்னா, படத்துல உன் பேரும் வராது."

பேயாக நடிப்பவர் பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருக்கும் அக்கா. போர்வைக்குள்ளிருந்து பெருமூச்சு விட்டார். "அதைப் படிச்சிட்டு ரெண்டு நாள் தூங்கலம்மா. அந்தக் குழந்தை வாசல்ல வந்து நிக்குமே!"

நாயகனுக்கு அந்தப் பக்கம் தலைகீழ் மனப்பாடமாம். ஆனால் அதில் வந்தது குழந்தை இல்லையாம், நாயாம்.

"நாயோ பேயோ, அதுல நம்ம கடை பேர் வருது மாப்ள, அது போயிடக் கூடாது," என்றார் தயாரிப்பாளர். கிடங்கும் அவருடையது, இயக்குநரும் அவருடைய தங்கை வீட்டுக்காரர்.

இயக்குநர் மூன்று பேருக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார்.

கிடங்கு சந்தைக்கடையானது. நாய்க்கும் குழந்தைக்கும் நடந்த சண்டையில் அவளை எல்லோரும் மறந்தார்கள்.

அப்போதுதான் உறைத்தது. இயக்குநர் கைப்பட எழுதிய நோட்டு இன்னும் அவள் பையில்தான் கிடக்கிறது!

சாப்பாட்டு டப்பாவுக்கு அடியிலிருந்து அதை இழுத்தாள். விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள்.

"இப்ப நான் சொல்றேன், கேளு."

அடுத்த வரியில் பேய் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

இரண்டு வரிகளுக்கும் நடுவே ஒரு கொசு நசுங்கிக் கிடந்தது. வேறொன்றும் இல்லை.

நாற்பதுக்கு அடுத்து நாற்பத்திரண்டு என்று எண் போட்டது மட்டும்தான் அவள் செய்த பிழை.

நிமிர்ந்தாள். சொல்ல வாயைத் திறந்தாள். எதிரே மெத்தைமேல் உட்கார்ந்திருந்த அக்கா, வாசலில் நின்ற அந்தக் குழந்தையை நினைத்து, போர்வை நுனியால் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நோட்டை மூடினாள்.

"என்ன குறிப்பு, கிடைச்சுதா?"

"வீட்ல இருக்கும் சார். காலையில கொண்டு வந்துடறேன்."

பிறகு டைரியைத் திறந்து, அடித்த இடத்துக்கு மேலே 'சிறு' என்று மறுபடி எழுதினாள். அதற்குக் கீழே:

"நாளை: ஐந்து மணிக்கு எழுந்து நாற்பத்தொன்றாம் பக்கத்தை எழுத வேண்டும். குழந்தையும் வர வேண்டும், நாயும் வர வேண்டும். கடைப் பெயர் ஒரு முறை. முடித்ததும் நாலாக மடித்து, ஓரத்தில் கொஞ்சம் டீ சிந்த வேண்டும்."