மாதாவின் நீலப் பட்டு

ஆவடி வீட்டுக் கூடத்தில் தொண்ணூறு வயது ஞானகுமாரி சவப்பெட்டிக்குள் கிடக்கிறார். வெளியே தொழிற்சாலைச் சங்கு ஊதி ஓய்கிறது. ஜன்னல் வெயில் அலமாரி மேலிருக்கும் முழ உயர மாதா சொரூபத்தின் மீது விழுகிறது. "ஆயா தெனம் மாதாவுக்குப் பொடவ கட்டிவுடாம காப்பித்தண்ணி கூடத் தொடாது," என்கிறாள் பக்கத்து வீட்டு முனியம்மா. "'ஆடாம நில்லு கண்ணு'ன்னு கொஞ்சிக்கினே கட்டும்." மகள் லூர்தம்மாள் சொரூபத்தை முறைக்கிறாள். அறுபது வருடத்தில் அம்மா அவளை ஒருமுறையும் கண்ணு என்றதில்லை. புதுத் துணி வந்தால் முதலில் மாதாவுக்குப் புடவை கிழிப்பார். மிச்சம்தான் இவளுக்குப் பாவாடை. இன்று மாதாவின் நீலப் பட்டு தோளிலிருந்து சரிந்து கிடக்கிறது. அதைக் கட்டிவிட்ட விரல்களில் செபமாலை சுற்றியிருக்கிறது. லூர்தம்மாள் எழுகிறாள். ஊக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒவ்வொரு மடிப்பாக நீவிவிடுகிறாள். "ஆடாம நில்லு," என்கிறாள். கண்ணு என்ற சொல்லை மட்டும் விழுங்கிக்கொள்கிறாள்.