எலும்புப் பொருத்தம்

ஜாதகம் கேட்ட காலம் போய், பெண் வீட்டார் எலும்புப் படம் கேட்கும் காலம் வந்திருந்தது. எந்த எலும்பு எதைச் சுமந்து தடித்தது, எது சும்மா கிடந்து மெலிந்தது என்பதை அது புட்டுப்புட்டு வைத்துவிடும்.

குமரவேளின் படத்தில் வலது கட்டைவிரல் எலும்பு ஒன்றுதான் உருப்படி. அதுவும் கைப்பேசியைத் தள்ளித் தள்ளி வளர்ந்தது. மற்ற இருநூற்றுச் சொச்சம் எலும்பும் சட்டை மாட்டத்தான் என்று நொந்துகொண்டவன், பரோட்டா மாஸ்டரான அப்பாவின் படத்தில் தன் பெயரை ஒட்டி அனுப்பிவிட்டான்.

பெண் பார்க்கப் போன இடத்தில், மணப்பெண் பவதாரிணியே அதை விரித்துப் படித்தாள்.

“மணிக்கட்டு ரெண்டும் மாவு அடிச்சே உரமேறியிருக்கு. முப்பத்தாறு வயசுக்கு நீங்க ரொம்பவே உழைச்சிட்டீங்க.”

குமரவேள் வெட்கமே இல்லாமல் அடக்கமாகச் சிரித்தான்.

“கீழ்முதுகுதான் புரியல. பத்து வயசுப் பையனைத் தினமும் உப்புமூட்டை தூக்கித் தேஞ்சதுன்னு போட்டிருக்கு. அந்த வயசுலயும் நடக்காம முதுகுலயே தொங்கின சோம்பேறி யாருங்க?”

பக்கத்து நாற்காலியில் அப்பா முதுகை நீவிக்கொண்டார். அந்தப் படத்தில் நிஜமாகவே குமரவேளின் கைவரிசை அது ஒன்றுதான்.

“நான்தாங்க,” என்றான்.