பேரைச் சொல்லு!

"பெர்மெத், நேத்து போட்டியில ஜெயிச்சது யாரு?"

"கொம்புக்காரர், பாய்கே."

"தோத்தது?"

"பிடரிக்காரர்."

போலோத் தலையைப் பிடிச்சுக்கிட்டு ஜீபெக்கைப் பார்த்தான். "கேட்டியா? இதைத்தான் நேரலையிலயும் சொல்லியிருக்கா. ஆயிரக்கணக்கான பேர் பாத்துட்டு, யாரு ஜெயிச்சாங்கன்னே தெரியாம தூங்கப் போயிருக்காங்க!"

எங்க தலைநகர் பிஷ்கேக்ல போலோத் நடத்துற சின்னக் கம்பெனி அது. குதிரையில போய் ஆட்டைப் பறிக்கிற நம்ம ஆட்டத்தை ஆன்லைன் கேமா விட்டிருந்தான். அதுல ஆடுற கூட்டத்தை மேய்க்கிறது பெர்மெத்தோட வேலை. போட்டியை வர்ணிக்கணும், சண்டையைத் தீர்க்கணும், கெட்ட வார்த்தை பேசுறவனை வெளிய தள்ளணும். கம்யூனிட்டி மேனேஜர்னு அதுக்கு ஒரு பெரிய பேரு.

பெர்மெத், போலோத்தோட தம்பி பொண்டாட்டி. போன இலையுதிர்காலத்துலதான் கல்யாணம். இன்னைக்கு அவ வேலை நிரந்தரமா இல்லையான்னு முடிவு பண்ற நாள். ஜீபெக் ஆபீஸ் நிர்வாகம், பேனாவோட உக்காந்திருந்தா.

"ஏன் பேரைச் சொல்ல மாட்டேங்கிற?" போலோத் கேட்டான்.

"எப்படிங்க சொல்றது? தோத்தவன் அர்ஸ்தான்னு பேர் வச்சிருக்..." பெர்மெத் நாக்கைக் கடிச்சுக்கிட்டா. "அது மாமனார் பேராச்சே. ஜெயிச்சவன் வச்சிருக்கறது சின்ன மாமனார் பேரு. பசங்க எல்லாம் சிங்கம், கிடான்னே பேர் வச்சுக்கிறாங்க. நம்ம வீட்லயும் அதே பேருங்கதான் இருக்கு. புகுந்த வீட்டுப் பெரியவங்க பேரை மருமக வாயால சொல்லலாமா?"

"பெரியவங்க வீட்ல இருக்காங்க. ஆட்டத்துல இருக்கறவன் பதினாலு வயசுப் பொடியன்!"

"பேரு ஒண்ணுதானே பாய்கே?"

"முதல்ல இந்த அண்ணே, பாய்கே எல்லாத்தையும் நிறுத்து. இங்க எல்லாரும் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்க. ஜீபெக், கூப்பிடு."

"போலோத்," அப்படின்னா ஜீபெக், கொட்டாவியை அடக்கிக்கிட்டு.

"பாத்தியா? வானமா இடிஞ்சு விழுந்துச்சு? இது ஆபீஸ். இங்க அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது, மருமகளும் கிடையாது. ஜீபெக், இதை எழுதிக்கோ."

ஜீபெக் எழுதிக்கிட்டா.

"அடுத்த புகார். ஒருத்தன் ஒரு மாசமா திருட்டு ஆட்டம் ஆடறான். தோத்துட்டா எதிராளியோட அம்மாவை இழுக்கறான். அவனுக்கு நீ என்ன எச்சரிக்கை குடுத்த தெரியுமா? 'நம்ம துருப்பிடிக்காத நண்பர் கொஞ்சம் நாக்கை அடக்கணும்.' இது எச்சரிக்கையா, விடுகதையா? வாளின்னு பேர் வச்ச ஒரு அப்பாவி, தன்னைத்தான் சொல்றாங்கன்னு கோவிச்சுக்கிட்டு ஆட்டத்தை விட்டே போயிட்டான்!"

"அவருக்கு அப்பவே மன்னிப்பு எழுதிட்டேன்."

"மன்னிப்பு யாருக்கு வேணும்? அந்தத் திருடன் பேரு எனக்கே இன்னும் தெரியல. உன்னால வாய் திறந்து ஒரு பேரைச் சொல்ல முடியலைன்னா இந்த வேலை உனக்கு எதுக்கு? வீட்லயே இரு. வர்ற விருந்தாளிக்கெல்லாம் டீ ஊத்து."

பெர்மெத் முகம் மாறிடுச்சு. வீட்ல விருந்தாளி இல்லாத நாளே கிடையாது. ஊத்தற டீயும் கிண்ணத்துல பாதிதான் ஊத்தணும். நிறைய ஊத்தினா, சீக்கிரம் கிளம்புன்னு அர்த்தம். அதனால ஒரே ஆளுக்குப் பத்து தடவை எழுந்திருக்கணும். இந்த வேலைக்கு வந்தப்புறம்தான் அவளால உக்கார முடிஞ்சுது.

"சொன்னா வேலை இருக்குமா?" மெதுவா கேட்டா.

"நிரந்தரம் பண்ணிடறேன்."

"யார் பேரா இருந்தாலும் சொல்லலாமா?"

"யார் பேரா இருந்தாலும்! என் தாத்தா பேரா இருந்தாலும் சொல்லு. இப்பவே, நேரலையில. ஸ்பீக்கரையும் போடு. ஆபீஸே கேக்கட்டும், எல்லாரும் கத்துக்கட்டும்."

பெர்மெத் எழுந்து போய் மைக் முன்னாடி உக்காந்தா. தலைத்துணியை ஒரு தடவை சரி பண்ணிக்கிட்டா. கண்ணை மூடிக்கிட்டா.

"போலோத்!"

ஸ்பீக்கர் அதிர்ந்துச்சு.

"உன்னைத்தான் சொல்றேன், போலோத். நீ ஒரு திருட்டுப் பய. உன் வாயில ஓடறது சாக்கடை. சின்னப் பசங்க ஆடற இடத்துல உனக்கு என்னடா வேலை? வெளிய போ, போலோத்!"

எங்க பாஷையில போலோத்னா எஃகு. அந்தத் துருப்பிடிக்காதவன் வச்சிருந்த பேரு.

ஜன்னல்கிட்ட சம்சா தின்னுக்கிட்டு இருந்த ஒருத்தனுக்குப் புரை ஏறிடுச்சு. அடுத்த மேஜையில ஒருத்தன் காலுக்கடியில எதையோ தேடற மாதிரி குனிஞ்சவன், நிமிரவே இல்லை. திரையில கைதட்டலா வந்து கொட்டுது. "அப்பாடா, பேரைச் சொல்லிட்டாங்கப்பா!"

போலோத் நாற்காலி பின்னாடி சாய்ஞ்சு விழற வேகத்துல எழுந்தான். காது ரெண்டும் பீட்ரூட்.

"என்ன திமிரு! புருஷனோட அண்ணனை ஊரே கேக்கப் பேர் சொல்லிக் கூப்பிடுவியா? அதுவும் 'டா' போட்டு? எங்க அம்மா காதுல விழுந்தா என்ன ஆகும்? ஜீபெக், எழுது! மரியாதை தெரியாதவ!"

ஜீபெக் பேப்பரைத் திருப்பிப் பார்த்தா.

"மேல, 'இங்க அண்ணன் கிடையாது'ன்னு எழுதச் சொன்னியே போலோத். அதை அடிச்சிடட்டுமா?"

புரை ஏறினவன்கூட இருமலை அடக்கிக்கிட்டான்.

போலோத் உக்காந்தான். டீயை எடுத்து ஒரே மடக்குல குடிச்சான்.

"நிரந்தரம்னு போட்டுத் தொலை," அப்படின்னான். அப்புறம் யார் முகத்தையும் பாக்காம, "எல்லார் பேரையும் சொல்லட்டும். ஆனா, அந்த ஒரு பேரை மட்டும் பழையபடியே சொல்லச் சொல்லு."

ஜீபெக் பேனாவை மறுபடி எடுத்தா.

"'துருப்பிடிக்காத நண்பர்'னே எழுதிக்கட்டுமா, போலோத்?"