குழி வெட்டும் முன் இருந்த தூசி

சுரங்க அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி படிவத்தில் இரண்டு எண்களை எழுதி, டெய்லரின் தையல் மேசை மேல் திருப்பி வைத்தார்.

சுரங்கத்துக்குக் குழி வெட்டும் முன், இதே வீட்டு மொட்டைமாடியில் அளந்த தூசி நானூற்றுப் பன்னிரண்டு. இந்த மாதம் அளந்தது முந்நூற்றுத் தொண்ணூறு.

ஆக, ஒன்பது வருடம் வெடி வைத்து, லாரி லாரியாக நிலக்கரியை அள்ளிக்கொண்டு போன பிறகு, இந்தத் தெருவின் காற்று முன்னைவிடச் சுத்தமாகியிருக்கிறது. காதில் பூச்சுற்ற ஓர் அளவு வேண்டாமா?

விதி ஒன்றும் சிக்கலானதல்ல. பழைய எண்ணைவிடத் தூசி கூடியிருந்தால் சுரங்கம்தான் பொறுப்பு. தெருவின் நாற்பத்தொரு வீட்டுக்காரர்களுக்கும் நல்ல காற்று உள்ள இடத்தில் வீடு கட்டிக்கொடுக்க வேண்டும். கூடவில்லை என்றால் தூசி இந்த ஊரின் பிறவிக்குணம். அவரவர் மூச்சு அவரவர் பாடு.

டெய்லரின் மனைவி கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். போன மழைக்காலத்திலிருந்து அவளால் படுத்துத் தூங்க முடியவில்லை. உட்கார்ந்தபடிதான் தூக்கம். மருந்து இனி கேட்காது, முதலில் வீட்டை மாற்றுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டை மாற்றுவதென்றால் சட்டையை மாற்றுவதா? சுரங்கத்தை ஒட்டிய வீட்டை எவன் வாங்குவான்?

அவளுக்கு மூச்சுதான் குறைந்திருந்தது, வாய் குறையவில்லை. அந்த நாளில் இந்த மாடியில் வெள்ளைத் துணியைக் காயப்போட்டு வெள்ளையாகவே எடுத்தவள் நான் என்றாள். மூன்று வார்த்தைக்கு ஒருமுறை நின்று நின்று சொன்னாள். அதிகாரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். துணியெல்லாம் சாட்சி ஆகாதும்மா என்றார்.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"தூசி அளந்த அந்த மெஷின் நம்ம மாடியிலதானே நின்னுச்சு. நான் பிரசவத்துக்கு எங்க அம்மா வீட்ல இருந்தேன், நீங்க இங்கயேதானே இருந்தீங்க. கல்லுளிமங்கன் மாதிரி நின்னா எப்படி? வாயத் திறந்து சொல்லுங்க."

டெய்லர் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை விரலில் சுற்றினார். அவிழ்த்தார். மறுபடி சுற்றினார்.

பிறகு சொல்லிவிட்டார்.

சுரங்கம் வரப்போகிறது என்று தெரிந்ததும் தெருவே கூடிப் பேசியது. இங்கே காற்று ஏற்கெனவே மோசம் என்று மெஷின் காட்டினால், இதற்கு மேலும் தூசியைக் கொண்டுவந்து கொட்ட யார் அனுமதி கொடுப்பார்கள்? யோசனை டெய்லருடையது. இப்படி ஒரு மூளையை வைத்துக்கொண்டா காஜா எடுத்துக்கொண்டிருக்கிறாய் என்று எல்லோரும் முதுகில் தட்டினார்கள்.

தினமும் விடியும் முன் மாடியேறி, மெஷின் காற்றை இழுக்கும் வாய்க்கு நேராக, அடுப்புச் சாம்பல் போட்ட சாக்கை உதறியவர் அவர்தான். ஒரு மாதம் என்று சொல்லி வைத்த மெஷின் மூன்று மாதம் நின்றது. மூன்று மாதமும் உதறினார். காய்ச்சலில் கிடந்த நாளிலும் ஏறினார். பிறகு, ஏற்கெனவே கெட்ட இடம்தானே, இதில் புதிதாகக் கெட என்ன இருக்கிறது என்று சுரங்கத்துக்கு அனுமதி சீக்கிரமாகவே கிடைத்தது. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான்.

சொல்லும்போது அவர் மனைவியைப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது, போலீசில் வேண்டுமானாலும் பிடித்துக் கொடுங்கள், அந்தப் பழைய எண்ணை மட்டும் அடித்துவிடுங்கள் என்று அதிகாரியைக் கையெடுத்துக் கும்பிட்டார். மானம் போவதெல்லாம் அந்த நேரத்தில் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அதிகாரி கோபப்படவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. அதுதான் டெய்லருக்குப் பயமாக இருந்தது.

"தெரியும் டெய்லரே. மெஷினுக்குள்ள தூசி படியற அந்தப் பேப்பர லென்ஸ் வெச்சுப் பாத்தவனே நான்தான். இது தெருத் தூசி இல்ல, அடுப்புச் சாம்பல்னு மேல எழுதி அனுப்புனேன். அவங்களா குடுக்கறத நாம ஏன் வேண்டாங்கணும், இன்னும் ரெண்டு மாசம் மெஷின் அங்கயே நிக்கட்டும்னு பதில் வந்துச்சு."

டெய்லருக்கு அழுகை வரவில்லை. மூன்று மாதம் திருடன்போலப் பதுங்கிப் பதுங்கி ஏறிய தன்னை நினைத்து, அந்த அலுவலகத்தில் உட்கார்ந்து எத்தனை பேர் சிரித்திருப்பார்கள் என்றுதான் தோன்றியது.

மனைவி அவரை ஒன்றும் கேட்கவில்லை. அதிகாரியைத்தான் கேட்டாள். சாம்பல் விழாத நாள் ஒன்றுகூடவா இல்லை?

அவர் சற்று யோசித்தார். இருந்தது என்றார். மெஷினைக் கொண்டுவந்து வைத்த முதல் நாள். அன்றைக்கு அறுபது. அந்தக் காகிதத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றார்கள், கிழித்துப் போட்டுவிட்டேன் என்றார். இதையெல்லாம் வெளியே போய்ச் சொன்னால் நான் இல்லை என்றுதான் சொல்வேன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

பிறகு, எண்களைக் காட்டியாகிவிட்டது என்பதற்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்று பேனாவை நீட்டினார். டெய்லரின் கை நீளவில்லை.

அவள் நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். நாலடி நடப்பதற்குள் இரண்டு முறை நின்றாள். பேனாவை வாங்கி, நானூற்றுப் பன்னிரண்டை அடித்து, அதன் மேல் அறுபது என்று எழுத்தால் எழுதி, கீழே தன் பெயரைப் போட்டாள்.

அதிகாரி தடுக்கவில்லை. பையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்து, அதே இரண்டு எண்களை மறுபடி எழுதத் தொடங்கினார்.