தீயலுக்குத் தேங்காய் வறுக்கிறவர்

மயிலாடி கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டில் மனைவியைப் பறிகொடுத்த ஆண்கள் ஞாயிறுதோறும் கூடிச் சமைக்கிறார்கள். சமைத்தபடியே அவரவர் துக்கத்தைப் பேசுகிறார்கள். வந்த நாளிலிருந்து வாயே திறக்காத சுயம்புராஜுக்கு இன்று தீயல் குழம்புக்குத் தேங்காய் வறுக்கும் வேலை. ஜன்னல் வெயிலில் புகை மெல்லச் சுருள்கிறது. இரும்புச் சட்டியில் கரண்டி சீராக உரசுகிறது. துருவல் பொன்னிறம் தாண்டிச் சிவந்து வருகிறது. இறக்குவதா, இன்னும் விடுவதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏட்டி, இது போதுமா பாரு" என்கிறார். சொன்ன பிறகுதான், மனைவியைக் கூப்பிட்டுவிட்டது அவர் காதிலேயே விழுகிறது. கரண்டி நின்றுவிடுகிறது. வெளியே சிற்பப் பட்டறையில் மெஷின் கல்லறுக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. யாரும் சிரிக்கவில்லை. மூலையில் உள்ளி உரித்துக்கொண்டிருக்கும் தாணுலிங்கம் எழுந்து வருகிறார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு சட்டிக்குள் எட்டிப் பார்க்கிறார். "போதாதுவே. இன்னும் கொஞ்சம் செவக்கணும். கை எடுக்காம கிண்டும், கரிஞ்சிரும்." சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார். கரண்டி மறுபடி உரசத் தொடங்குகிறது. தேங்காய் மணம் அறை முழுக்க ஏறுகிறது. "செல்லத்தாய்" என்கிறார் சுயம்புராஜ், யாரும் கேட்காமலே. "அவ பேரு செல்லத்தாய்."