மேற்குச் சுவரில் ஒரு தகடு

“கீழ அந்த அக்காங்க உட்கார்ற ரூமுக்கும் குளிர்காத்து குடுங்க சார்.”

கேட்டுவிட்டாள்.

லிஃப்டில் வரும்போது மேலதிகாரி சம்பத் சார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். “சேர்மன் முன்னால அதை மட்டும் எடுக்காத. உங்க குடும்பத்துக்கே முதல் இன்ஜினியர் நீ. பார்த்து நடந்துக்கம்மா.”

மேசையைச் சுற்றி வந்துகொண்டிருந்த பக்கோடாத் தட்டு பாதியில் நின்றது.

நாளை திறப்பு விழா. ஆஸ்பத்திரியின் மேற்குச் சுவர் முழுக்கக் கறுப்புத் தகடுகள். கோயம்புத்தூர் வெயிலைக் குடித்து, உள்ளே ஓடும் தண்ணீரைக் காய்ச்சும். அந்தச் சூட்டில் ஓடும் இயந்திரம் எட்டு மாடிக்கும் குளிர்காற்றை அனுப்பும்.

அந்தத் திட்டத்தை வரைந்தவள் அவள்தான்.

அந்தச் சுவரை ஒட்டித் தரைத்தளத்தில் துப்புரவுப் பெண்களின் அறை. உடுப்பு மாற்ற, சோறு தின்ன. இருந்தது ஒரே ஜன்னல். அதன் மேலும் ஒரு தகடு.

ஜன்னல் போனால் என்ன, குளிர்காற்று வரும். அப்படித்தான் வரைந்திருந்தாள். தகட்டை மாட்டினார்கள். அந்த அறைக்கான காற்றுக்குழாயை மட்டும் திட்டத்திலிருந்து வெட்டிவிட்டார்கள். அனாவசியமாம்.

கட்டட வேலை நடந்த நாளெல்லாம் அவளுக்கும் அந்த அறைதான். ஒரு பெண் முகம் கழுவ அங்கே வேறு இடமில்லை. அந்தப் பெண்களில் துளசிமணியக்காதான் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தாள்.

நேற்று அங்கே உட்கார முடியவில்லை. துளசிமணியக்கா முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

“ஏனுங்க அம்மிணி, இந்தச் செவுரு எல்லாத்தையும் குளுரப் பண்ணும்னீங்க. எங்களைய மட்டும் இட்லியாட்ட அவிக்குது?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

இப்போது சேர்மனும் சிரித்தார்.

“அட ஏனுங்க அம்மிணி, அவங்களுக்கு ஏசி போட்டா அங்கயே தூங்கிப் போடுவாங்கல்ல!”

மேசை மொத்தமும் சிரித்தது. சம்பத் சார் எல்லோருக்கும் முந்தி.

“அப்ப ஜன்னல் மேல இருக்கற தகட்டையாவது எடுத்துடலாம் சார். ஒண்ணே ஒண்ணு. மெஷினுக்கு அது ஒரு குறையே இல்ல.”

“செவுரு பல்லுப்போன வாயாட்டத் தெரியுமே. காலைல ஃபோட்டோ எடுக்க வர்றாங்க.”

மேசைக்கு அடியில் சம்பத் சாரின் கால் அவள் காலை இடித்தது.

கோபம் வரும் என்று நினைத்தாள். வந்தது அலுப்பு. முதல் பட்டதாரி என்றால் கிடைத்ததற்கு நன்றி சொல்லிக்கொண்டு கிடக்க வேண்டும். கிடந்தாள். போதும்.

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி, பக்கோடாத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தாள்.

“எங்கம்மா போற? உட்காரு,” என்றார் சம்பத் சார்.

எழுந்தாள்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளே மறுபடி சிரிப்பு. லிஃப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கினாள். தோள்பையில் கிடந்த ஸ்பேனர் படிக்குப் படி இடுப்பில் இடித்தது.

வெயில் இறங்கியதுமே அந்த ஒரு தகட்டின் வால்வை மூடி, தண்ணீரை வடித்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு வந்திருந்தாள். இனிக் கழற்றுவதுதான் பாக்கி.